காலி செய்யாத வீடுகள்: பேய்ப்பட ரசிகரின் குறுந்தீர்ப்புகள் பற்றி ஓர் ஆய்வு

பேய்ப்பட ரசிகர் எனப்படுபவர், பகலில் பேய் இல்லை என்று வாதிடுபவரும், இரவில் அந்த வாதத்தைச் சோதித்துப் பார்க்க விரும்பாதவரும், இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட மாலை நேரத்தில் காசு கொடுத்துப் பேயைத் திரையில் வரவழைத்துக்கொள்பவருமாகிய ஒருவகைப் பார்வையாளர் ஆவார். காதல் படத்தின் ரசிகர் பாட்டை முணுமுணுத்துக்கொண்டும், சண்டைப் படத்தின் ரசிகர் தோளை உயர்த்திக்கொண்டும் வீடு திரும்புகையில், இவர் மட்டும் அன்றிரவு குளியலறையின் விளக்கு எரிவதை உறுதி செய்துகொண்ட பிறகே அதன் கதவைத் திறப்பார் என்பது இவ்வகையினரை இனங்காண உதவும் புறக்குறியாகும்.

இவருடைய கருத்துகள் மிகச் சுருக்கமானவை. விரிவான விமரிசனம் எழுதுவதற்குப் படத்தை முழுவதுமாகப் பார்த்திருக்க வேண்டும் என்றொரு நியதி இருப்பதாலும், முக்கியமான காட்சிகளில் பெரும்பாலானவற்றை இவர் விரலிடுக்கின் வழியாகவோ போர்வையின் நெசவு வழியாகவோ மட்டுமே கண்டிருப்பதாலும், ஒரு படத்தைப் பற்றி இரண்டு வாக்கியங்களுக்கு மேல் இவர் சொல்வது அரிது. எனினும் அண்மையில் இவர் பார்த்து முடித்த படங்களைக் குறித்த தீர்ப்புகளை ஒருங்கே வைத்து நோக்கும்போது (படம் வெளிவந்த ஆண்டு எதுவாயினும், நேற்றைய தூக்கத்தைக் கெடுத்த படமே அண்மைப் படம் என்பது இவர் கொள்கை), அவற்றுக்கு அடியில் ஒரே அளவுகோல் இருந்து செயற்படுவது தெரியவருகிறது. பேயின் உருவத்தையோ ஒப்பனையின் கோரத்தையோ பொருட்படுத்தாத அந்த அளவுகோலை விளக்குவதும், அதன்படி சில படங்களை நிறுத்துப் பார்ப்பதுமே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒலியும் திடுக்கமும்

அளவுகோலை விளக்குமுன், இவர் அளவுகோலாக ஏற்றுக்கொள்ள மறுக்கும் ஒன்றைக் குறிப்பிடுதல் வேண்டும். ரசிகர்களிடையே ‘ஜம்ப் ஸ்கேர்’ என்று வழங்கும் உத்தி, சற்று நேரம் ஓசையை அடக்கி வைத்து, எதிர்பாராத நொடியில் பேரொலியுடன் ஏதேனும் ஒன்றைத் திரையின் நடுவே தள்ளுவதாகும். இதன் முன்னோடியாகக் கருதப்படுவது, 1942இல் ஜாக் டூர்னர் இயக்கிய ‘கேட் பீப்பிள்’ என்னும் அமெரிக்கப் படத்தின் ஒரு காட்சி. அதில் இரவு வேளையில் ஆளற்ற தெருவில் நடந்து செல்லும் பெண்ணைப் பின்தொடர்ந்த காலடியோசை திடீரென நின்றுபோக, அவளும் பார்வையாளரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது, சீறிக்கொண்டு வந்து நிற்பது கொடிய விலங்கு அன்று, ஒரு நகரப் பேருந்து. தயாரிப்பாளர் வால் லியூட்டனின் பெயரால் இவ்வுத்தி ‘லியூட்டன் பேருந்து’ என்றே இன்றளவும் குறிப்பிடப்படுகிறது. பேருந்து வந்து நின்றதற்காக அரங்கம் முழுவதும் திடுக்கிட்டது என்னும் செய்தியை, கையை நீட்டியபின்னும் நிற்காமற் செல்லும் பேருந்துகளைக் கண்டு பழகிய தமிழ்நாட்டு ரசிகர் எளிதில் புரிந்துகொள்கிறார். ஆளற்ற தெருவில், ஒரே ஒரு பயணிக்காக, இரவு நேரத்தில் பேருந்து தானாக வந்து நிற்குமாயின் அஞ்சுவதே முறை என்பது அவர் கருத்து.

1960இல் வெளிவந்த ‘சைக்கோ’ படத்தின் குளியலறைக் கொலைக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்று இயக்குநர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் முதலில் எண்ணியதும், தந்திக் கருவிகளை மட்டும் கொண்டு பெர்னார்ட் ஹெர்மன் அமைத்த கிறீச்சொலியைக் கேட்ட பின் தம் எண்ணத்தை மாற்றிக்கொண்டதும் திரை வரலாற்றில் நன்கு பதிவானவை. அச்சம் என்பது கண்ணைவிடக் காதின் வழியாகவே உடலுக்குள் நுழைகிறது என்னும் உண்மையை இதிலிருந்து அறிந்துகொண்ட ரசிகர், ரிமோட்டில் ஒலியை அடக்கும் பொத்தானின் மேல் கட்டைவிரலை வைத்தபடியே படம் பார்க்கிறார். அப்பொத்தானை அழுத்தியவுடன், பேய் எனப்படுவது முகத்தில் மாவு பூசிய ஒருவர் காரணமின்றி வாயைத் திறந்து மூடும் செயலாகச் சுருங்கிவிடுகிறது. ஆகவே ஒலியால் மட்டுமே அச்சுறுத்தும் படங்களுக்கு இவர் தீர்ப்பு எதுவும் வழங்குவதில்லை. அலறியமைக்காக அண்டை வீட்டாரிடம் வருத்தம் தெரிவிப்பதோடு நிறுத்திக்கொள்கிறார்.

அளவுகோல்

இவர் ஒவ்வொரு படத்தின் முன்னும் வைக்கும் கேள்வி ஒன்றே: இவர்கள் ஏன் இன்னும் இந்த வீட்டைக் காலி செய்யவில்லை? நள்ளிரவில் கதவு தானே திறந்துகொண்டது, சுவரில் நிழல் நடந்தது, குழந்தை யாருமில்லாத மூலையைப் பார்த்துச் சிரித்தது என்னும் மூன்று அறிகுறிகளுக்குப் பிறகு, மறுநாள் காலையில் ஒரு மினி லாரியை அமர்த்திச் சாமான்களை ஏற்றிக்கொண்டு குடும்பம் வெளியேறிவிடுமானால், படம் இருபதாம் நிமிடத்தில் முடிந்துவிடும். எனவே பேய்ப்பட இயக்குநரின் முதற்கடமை பேயைப் படைப்பதன்று. குடும்பம் வெளியேறாதிருப்பதற்கு ஏற்கத்தக்க ஒரு காரணத்தைப் படைப்பதே ஆகும். இக்காரணங்களை ரசிகர் தலை, இடை, கடை என்னும் பழைய முறைப்படியே பகுத்துக்கொள்கிறார்.

பணம், உறவு, மானம், குற்றவுணர்ச்சி என்று மனிதரின் சொந்த வாழ்விலிருந்தே தோன்றிக் காலைக் கட்டும் காரணம் தலையாயது. வெளியேற முயன்றும் பேயே கதவை அடைத்துத் தடுப்பது இடையாயது. படம் இரண்டு மணி நேரம் ஓட வேண்டும் என்பதைத் தவிர வேறொன்றும் புலப்படாதது கடையாயது. கடையாய காரணம் கொண்ட படங்களின் மாந்தர் கைக்கெட்டும் தொலைவில் இருக்கும் மின்விளக்கைப் போடாமல் மெழுகுவர்த்தியைத் தேடுவார்கள், ஓசை கேட்ட நிலவறைக்குள் இறங்கி “யார் அங்கே?” என்று வினவுவார்கள். அவ்வினாவுக்கு எத்தகைய விடை கிடைத்தால் அவர்கள் மனம் ஆறுதலடையும் என்பதை இதுவரை எந்தப் படமும் விளக்கியதில்லை.

முன்வரலாறு

பழந்தமிழ்ப் பேய்களைப் பொறுத்தவரை இக்கேள்விக்கே இடமில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் செயங்கொண்டார் பாடிய கலிங்கத்துப் பரணியில் வரும் பேய்கள் காளியின் பரிவாரமாக வாழ்பவை, பசியால் வாடுபவை, போர் முடிந்த பின் களத்திலேயே கூழ் சமைத்து உண்பவை. காரைக்கால் அம்மையார் இறைவனை வேண்டிப் பேயுருவத்தைப் பெற்றுக்கொண்டவர். நாட்டார் வழக்கிலும் பேயின் உறைவிடம் புளியமரமாகவோ சுடுகாடாகவோ இருந்ததேயன்றி, எவருடைய படுக்கையறையாகவும் இருக்கவில்லை. பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறத்தான் வேண்டும் என்னும் பழமொழியிலும் இடம்பெயர்பவள் மணமகளே தவிர, பேய் வீட்டோடு மாப்பிள்ளையாக வந்து தங்குவதில்லை. மரத்தைத் தவிர்த்துவிட்டு வேறு வழியாக ஊர் திரும்பினால் போதும் என்றிருந்த இந்த எளிய ஏற்பாடு, பேய் கூடமும் சமையலறையும் கொண்ட வீட்டுக்குள் குடிபுகுந்தபோதுதான் குடியிருப்புச் சிக்கலாக மாறியது.

வீட்டுக்குள் புகுந்த பேயைப் பற்றிய பழைய குறிப்புகளுள் ஒன்று உரோமானிய எழுத்தாளர் இளைய பிளினியின் கடிதங்களில் உள்ளது. ஏதென்ஸ் நகரில் சங்கிலியோசையுடன் ஓர் ஆவி உலவிய வீட்டை விற்கவோ வாடகைக்கு விடவோ முடியாமல் உரிமையாளர் விளம்பரம் செய்திருக்க, அங்கு வந்த அதெனோடோரஸ் என்னும் தத்துவஞானி, வாடகை மிகக் குறைவாக இருப்பதைக் கண்டு ஐயுற்று விசாரித்து, உண்மையை அறிந்த பின்னும் அந்த வீட்டையே எடுத்துக்கொண்டார். இரவில் அவர் எழுதிக்கொண்டிருந்தபோது ஆவி எதிரே வந்து நின்று கைகாட்டி அழைக்க, அவர் சற்றுப் பொறுக்குமாறு கையசைத்துவிட்டு எழுத்தைத் தொடர்ந்தார். பின்னர் ஆவியைத் தொடர்ந்து சென்று அது மறைந்த இடத்தை அடையாளமிட்டு வைத்து, மறுநாள் தோண்டச் செய்ததில் விலங்கு பூட்டிய எலும்புகள் கிடைத்தன. அவற்றை முறைப்படி அடக்கம் செய்த பின் வீடு அமைதியுற்றது. பேய்க் கதையின் அடிப்படை இலக்கணம் முழுவதும் இதில் அடங்கியிருப்பதாக ரசிகர் கருதுகிறார். வாடகை குறைவாக இருந்தால் காரணம் கேட்க வேண்டும் என்பது முதல் விதி. காரணம் தெரிந்த பிறகும் குறைந்த வாடகையை மனித மனம் விட்டுக்கொடுக்காது என்பது இரண்டாம் விதி. எழுதி முடிக்கும்வரை பேயைக் காத்திருக்கச் செய்வது எழுத்தாளர்களுக்கு மட்டுமே உரிய சிறப்பு விதி. பதிப்பாளரைப் பல மாதங்கள் காக்க வைத்துப் பழகியவர்களுக்கு அது கடினமன்று.

இதற்கு நேர்மாறான சான்றும் ஒன்று உண்டு. நியூயார்க் மாநிலத்தின் அமிட்டிவில் என்னும் ஊரில், கொலைகள் நடந்திருந்த ஒரு வீட்டை மலிவாக வாங்கி 1975 டிசம்பரில் குடியேறிய குடும்பம், 28 நாள்களில் அதைவிட்டு வெளியேறியது. அக்குடும்பம் கூறியவற்றின் உண்மை பின்னர் பலராலும் ஐயுறப்பட்டது. எனினும் அதை அடிப்படையாகக் கொண்டு 1977இல் ஒரு நூலும் 1979இல் ‘தி அமிட்டிவில் ஹாரர்’ என்னும் படமும் வெளிவந்தன. உண்மையோ புனைவோ, ஒரு மாதம் கூட முடியுமுன் காலி செய்த குடும்பம் என்ற வகையில், பேய்ப்பட மாந்தருள் பகுத்தறிவு மிக்கவர்கள் இவர்களே என்பது ரசிகரின் குறுந்தீர்ப்பு.

அயல்நாட்டுப் படங்கள்

ஜேம்ஸ் வான் இயக்கிய ‘தி கான்ஜூரிங்’ (2013), 1971இல் ரோட் தீவு மாநிலத்தின் பண்ணை வீடொன்றில் குடியேறும் ஐந்து பெண் பிள்ளைகள் கொண்ட குடும்பத்தைப் பற்றியது. முதல் நாளிலேயே நாய் வீட்டுக்குள் நுழைய மறுக்கிறது. மறுநாள் இறந்து கிடக்கிறது. கடிகாரங்கள் அனைத்தும் 3.07 மணிக்கு நின்றுபோகின்றன. இவற்றுக்குப் பிறகும் அவர்கள் ஏன் போகவில்லை என்று ரசிகர் நாற்காலியின் விளிம்புக்கு வரும் தருணத்தில், கையிலிருந்த பணமெல்லாம் இந்த வீட்டில் முடங்கிக் கிடக்கிறது என்ற விளக்கத்தைக் குடும்பத் தலைவர் அளிக்கிறார். அவ்வளவில் ரசிகரின் எதிர்ப்பு முற்றிலும் தணிந்து, பேயைப் பற்றிய அச்சம் பின்தள்ளப்பட்டு, அந்த மனிதரின் நிலை குறித்த ஆழ்ந்த இரக்கம் எழுகிறது. வீட்டில் குடியிருக்கும் தீய ஆவிக்கு வயது நூறு ஆண்டுகளுக்கு மேல் என்றாலும், அது எந்தத் தவணையும் கட்டவில்லை என்பதை அவர் கவனிக்கத் தவறவில்லை. தீர்ப்பு: தலையாயது, ஆயினும் வீடு வாங்கும் எண்ணத்தில் இருப்போர் பத்திரப் பதிவு முடியும்வரை பார்க்காதிருப்பது நலம்.

ஓரன் பெலி இயக்கிய ‘பாராநார்மல் ஆக்டிவிட்டி’ (2007) இக்கேள்விக்கு வேறொரு விடையைத் தருகிறது. சான் டியேகோ நகரில் இயக்குநரின் சொந்த வீட்டிலேயே ஏறத்தாழ 15,000 டாலர் செலவில் எடுக்கப்பட்டு, உலகெங்கும் 19 கோடி டாலருக்கு மேல் ஈட்டிய இப்படத்தில், தீய சக்தி பற்றிக்கொண்டிருப்பது வீட்டை அன்று, கேட்டி என்னும் பெண்ணையே என்பதால், எங்குக் குடிபெயர்ந்தாலும் அதுவும் உடன்வரும் என்று ஆலோசனை கூற வந்தவர் தெளிவாகச் சொல்லிவிடுகிறார். இவ்வளவு செம்மையாகக் கேள்வியை அடைத்த படம் வேறில்லை. மைக்கா என்னும் அவளுடைய காதலனோ ஆபத்தை உணர்ந்த பிறகு செய்யும் முதற்செயல், படுக்கையறையில் கேமராவைப் பொருத்துவது; இரண்டாவது செயல், வேண்டாம் என்று அவள் மன்றாடியும் ஆவிகளோடு பேசும் பலகையை வீட்டுக்குக் கொண்டுவருவது. இப்படத்தில் பேயின் செயல்கள் அனைத்தும் காரண காரியத்தோடு பொருந்துகின்றன. காதலனின் செயல்களே இயற்கை கடந்தவை. தீர்ப்பு: காலி செய்ய வேண்டியது வீட்டை அன்று, காதலனை.

ஆஸ்திரேலிய இயக்குநர் ஜெனிஃபர் கென்ட்டின் ‘தி பாபடூக்’ (2014), கணவனை இழந்த ஒரு தாயும் அவளுடைய சிறுவனும் வாழும் வீட்டில், ஒரு குழந்தைப் புத்தகத்தின் வழியாக நுழையும் கோர உருவத்தைப் பற்றியது. அவ்வுருவம் அத்தாயின் துக்கமே என்பதால் அதை விரட்ட வழியில்லை. படத்தின் முடிவில் அதை நிலவறையில் வைத்து, நாள்தோறும் மண்புழுக்களை உணவாகக் கொடுத்துப் பராமரிக்கத் தொடங்குகிறாள். பேயோட்டும் காட்சிகளையே முடிவாகக் கண்டு பழகிய ரசிகருக்கு, பேய்க்குச் சோறு போடும் இம்முடிவு முதலில் ஏமாற்றமளித்தாலும், சிந்திக்குந்தோறும் இதுவே பெரும்பாலான குடும்பங்களின் நடைமுறை என்று தோன்றுகிறது.

டேவிட் ராபர்ட் மிட்செலின் ‘இட் ஃபாலோஸ்’ (2014) படத்தில் வரும் சக்தி, உடலுறவின் வழியாக ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றி, யாருடைய உருவத்திலும் தோன்றி, தன் இரையை நோக்கி மெதுவாக, ஓய்வின்றி நடந்துகொண்டே இருப்பது. காரில் ஏறித் தொலைவு சென்றால் சில நாள் அவகாசம் கிடைக்குமே தவிர விடுதலை கிடைக்காது. டெட்ராய்ட் நகரின் புறத்தே தொடங்கும் இந்நடை, இடையில் பெருங்கடல்கள் இருப்பதால், தமிழ்நாட்டை எட்டாது என்னும் புவியியல் அறிவால் ரசிகர் தம்மைத் தேற்றிக்கொண்டார். ஆனால் அதற்கடுத்த காலையில், பூங்காவில் நடைப்பயிற்சி செய்பவர்கள் அனைவரும் தம்மை நோக்கியே வருவதாக அவருக்குத் தோன்றியதை அவ்வறிவு தடுக்கவில்லை.

எஞ்சிய சிலவற்றைச் சுருங்கக் கூறின் போதும். ‘தி பிளேர் விட்ச் பிராஜெக்ட்’ (1999) படத்தில் காட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்பதே மூவருக்கும் முழுநேர வேலை. ஆனால் வழிகாட்டும் வரைபடத்தை அவர்களுள் ஒருவனே ஓடையில் உதைத்துத் தள்ளிவிட்டிருப்பதால், இறுதிவரை திரையில் தோன்றாத சூனியக்காரிக்கு அதிக உழைப்பு தேவைப்படவில்லை. ஓசையைக் கேட்டு வேட்டையாடும் உயிரிகளிடமிருந்து தப்பிக் குடும்பமொன்று மணற்பாதையில் வெறுங்காலோடு நடக்கும் ‘எ கொயட் பிளேஸ்’ (2018), வெளியேறிச் செல்ல வேறு உலகமே இல்லை என்பதால் கேள்வியிலிருந்து விலக்குப் பெறுகிறது. குக்கர் விசிலும் மிக்சியும் ஒலிக்காத சமையலறையில் அவர்கள் எங்ஙனம் உயிர் வாழ்ந்தனர் என்பது மட்டும் ரசிகருக்கு விளங்கவில்லை. கொரியப் படமான ‘ட்ரெயின் டு பூசான்’ (2016), நடமாடும் பிணங்கள் நிறைந்த தொடர்வண்டியில் நிகழ்வது. பிணங்களிடமிருந்து தப்பி வந்தவர்களை உள்ளே விடாமல், அடுத்த பெட்டியிலிருக்கும் உயிருள்ள பயணிகள் கதவை இழுத்து மூடும் காட்சியே அதில் மிகக் கொடுமையானது. பண்டிகைக் காலத்தில் முன்பதிவில்லாப் பெட்டியில் ஊருக்குச் சென்றவர்களுக்கு அக்காட்சிக்கு வசனம் தேவைப்படாது.

ஹிடெயோ நகாட்டா இயக்கிய ஜப்பானியப் படமான ‘ரிங்கு’ (1998) இவ்வரிசையில் தனித்து வைத்து எண்ணத்தக்கது. ஒரு வீடியோ கேசட்டைப் பார்த்தவர் ஏழு நாளில் இறப்பார் என்பதும், அதைப் பிரதியெடுத்து மற்றொருவருக்குக் காட்டினால் மட்டுமே உயிர் பிழைக்கலாம் என்பதும் கதை. இதில் காலி செய்ய வீடே கிடையாது, தொலைக்காட்சிப் பெட்டி இருக்குமிடமெல்லாம் பேயின் வாசலாகிவிடுகிறது. கிணற்றிலிருந்து எழுந்து திரைக்கு வெளியே வரும் சடாக்கோ என்னும் பேயின் இயல்புக்கு மாறான நடை, நடிகையைப் பின்னோக்கி நடக்கச் செய்து படச்சுருளைத் தலைகீழாக ஓட்டியதால் கிடைத்தது. கேசட்டும் அதை ஓட்டும் கருவியும் வழக்கொழிந்ததால் இப்படம் பழையதாகிவிட்டது என்று கூறுவோரை ரசிகர் மறுக்கிறார். பத்துப் பேருக்கு அனுப்பாவிட்டால் தீமை நேரும் என்ற எச்சரிக்கையுடன் உறவினர் வாட்ஸ்ஆப்பில் அனுப்பும் செய்தியைப் போன்றதே அந்தக் கேசட்டும், தன் உயிரைக் காக்கப் பிறர் தலையில் கட்டுவது என்னும் அறநெறி இரண்டிலும் ஒன்றே என்பது அவர் வாதம்.

தென்னாட்டுப் படங்கள்

தமிழ்ப் பேய்ப்படங்களுள் பெரும்பகுதி, பேய் வரும்போது அஞ்சுவதற்கு ஆயத்தமாகும் ரசிகரின் அருகிலிருப்பவரைச் சிரிக்க வைத்துவிடுவதால், அவற்றைக் குறித்து இவருக்கு நெடுநாளைய வருத்தம் உண்டு. இரவில் அம்மாவின் துணையின்றி எழுந்து செல்ல அஞ்சும் நாயகனைக் கொண்ட ராகவா லாரன்ஸின் ‘காஞ்சனா’ (2011), தொடக்கத்தில் இவ்வருத்தத்தையே வளர்த்தது. நாயகனின் இந்நிலையைப் பிறர் நகைச்சுவையாகக் கொள்ள, இவர் மட்டும் அதை ஆவணமாகவே கொண்டார். ஆனால் அப்படத்தின் பின்பகுதி, ஏழைகளுக்கு மருத்துவமனை கட்டுவதற்காகத் திருநங்கை ஒருவர் வாங்கிய நிலத்தை அரசியல்வாதி அபகரித்ததையும், அதை எதிர்த்தவர்கள் கொல்லப்பட்டதையும் கூறுகிறது. மேலைநாட்டுப் பேய் பிறர் வீட்டில் குடியேறும் அந்நியன் என்றால், தமிழ்ப் பேய் பெரும்பாலும் தன் இடத்தைப் பறிகொடுத்த உரிமையாளர். காலி செய்ய வேண்டியவர் யார் என்னும் கேள்வியே இங்குத் தலைகீழாகிவிடுகிறது. காவல் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் முடியாத நில வழக்கு இறந்த பிறகாவது முடியும் என்னும் நம்பிக்கையை மக்களுக்கு அளிக்கும் பணியைத் தமிழ்ப் பேய்ப்படம் செய்துவருகிறது என்று இதனால் முடிவு செய்யலாம்.

2014இல் தொடங்கி 2024க்குள் நான்கு பாகங்களை எட்டிய சுந்தர் சி.யின் ‘அரண்மனை’ வரிசையில், முதற்பாகத்தின் குடும்பம் அரண்மனைக்கு வருவதே அதை விற்பதற்காக. விற்பனை முடியாமல் வெளியேற இயலாது என்பது தலையாய காரணமே. சொத்து வாங்குவோர் பதிவு அலுவலகத்தில் பெறும் வில்லங்கச் சான்றிதழில் அடமானமும் கிரயமும் குறிக்கப்படுகின்றனவே தவிர, ஆவி குறித்த பத்தி எதுவும் இல்லை என்னும் குறைபாட்டை இவ்வரிசை வலியுறுத்துகிறது. பி.வாசுவின் ‘சந்திரமுகி’ (2005) படத்தில் வேட்டையபுரம் அரண்மனையைப் பிறர் எச்சரித்தும் கேளாமல் செந்தில்நாதன் வாங்குகிறான். அங்கு உண்மையில் பேய் இல்லை, மனைவியின் மனநோயே காரணம் என்று மருத்துவரான நாயகன் விளக்குகிறான். வேண்டாம் என்று நாலு பேர் சொன்ன சொத்தை வாங்கியவன், அந்த நாலு பேர் பார்த்திருக்க அதைவிட்டு வெளியேற மாட்டான் என்பதால், இதற்கும் தலையாய இடமே வழங்கப்படுகிறது.

விக்ரம் குமாரின் ‘யாவரும் நலம்’ (2009) இவ்வகையில் மிக நுட்பமானது. கூட்டுக் குடும்பமொன்று சொந்தமாக வாங்கிக் குடியேறிய புதிய அடுக்ககத்தில், பால் நாள்தோறும் திரிந்துபோகிறது. நாயகன் தனியே ஏறினால் மட்டும் மின்தூக்கி அசைய மறுக்கிறது. வீட்டுப் பெண்கள் பார்க்கும் தொலைக்காட்சித் தொடரில் வரும் நிகழ்ச்சிகள் அக்குடும்பத்திலேயே ஒன்றன்பின் ஒன்றாக நடந்தேறுகின்றன. சொந்த வீடு என்பதன் பின்னே நிற்கும் மாதத் தவணையை ரசிகர் தாமே கணக்கிட்டுக்கொள்கிறார். அதனினும் வலிய காரணம் ஒன்றும் உண்டு. நாளை என்ன நடக்கும் என்பதைத் தொடரில் காண விரும்பும் எந்தக் குடும்பமும் இன்று வீட்டைக் காலி செய்யாது. பேய்க்கு ஏற்ற வாகனம் நெடுந்தொடர் என்பதை இவ்வளவு முன்னதாக அறிந்துகொண்டமைக்காக இயக்குநர் பாராட்டுக்குரியவர்.

மிஷ்கினின் ‘பிசாசு’ (2014) படத்தில், விபத்தில் இறந்த பெண்ணின் ஆவி, தன்னைக் காப்பாற்ற முயன்ற இளைஞனின் வீட்டில் வந்து தங்கி, அவனுக்கு நன்மையே செய்கிறது. இங்குக் காலி செய்யும் கேள்வி எழவில்லை; இத்தகைய குடித்தனக்காரர் கிடைப்பது அரிது என்பதே தீர்ப்பு. அஜய் ஞானமுத்துவின் ‘டிமாண்டி காலனி’ (2015), சென்னை ஆழ்வார்பேட்டையில் உண்மையாகவே அப்பெயரில் வழங்கும் இடத்தைச் சுற்றியுள்ள வதந்தியிலிருந்து பிறந்தது. பாழடைந்த மாளிகைக்கு விளையாட்டாகச் சென்று திரும்பிய நண்பர்கள் தம் சொந்த அறையிலேயே அடைபட்டு, வெளியேற முயலுந்தோறும் தடுக்கப்படுகின்றனர். இடையாய வகைக்கு இதனினும் தெளிவான சான்று இல்லை. நால்வர் நெருக்கியடித்து வாழும் அறையில் ஐந்தாவதாக இடம்பிடித்த பேய் வாடகையில் பங்கு தரவில்லை என்பது சென்னையில் அறையெடுத்துத் தங்கியவர்களின் உள்ளத்தை இன்னும் உறுத்துவது.

அண்மைக் காலத்தில் இவருடைய தூக்கத்தை அதிகமாகக் கெடுத்த படம் ராகுல் சதாசிவன் இயக்கிய மலையாளப் படமான ‘பிரமயுகம்’ (2024). பதினேழாம் நூற்றாண்டு மலபாரில், அடிமை நிலையிலிருந்து தப்பியோடிவரும் தேவன் என்னும் பாணன், பசியோடு காட்டின் நடுவே பாழடைந்த மனையை, அதாவது நம்பூதிரியின் இல்லத்தை, அடைகிறான். மம்மூட்டி வேடமேற்றுள்ள மனையின் தலைவர் அவனுக்கு உணவளிக்கிறார், பாடச் சொல்கிறார், அன்போடு பேசுகிறார். பின் பகடையாட அழைத்து, பணயம் வைக்க ஒன்றுமில்லாத அவனிடம் அவன் காலத்தையே பணயமாகக் கேட்கிறார். முழுவதும் கறுப்பு வெள்ளையில் எடுக்கப்பட்ட இப்படத்தில் திடுக்கங்கள் குறைவு. ஒலியை அடக்கிப் பார்த்தாலும் அச்சம் குறையவில்லை என்பதைக் கட்டைவிரல் சான்றாக ரசிகர் உறுதி செய்துள்ளார். சோறு போட்ட இடத்தை விட்டு எழுந்து போவது எளிதன்று என்பதும், போட்டவர் சிரித்த முகத்தோடு காலத்தைக் கணக்கெழுதிக்கொள்கிறார் என்பதும், மாதச் சம்பளத்தில் வாழ்பவர் எவருக்கும் அயலான செய்திகள் அல்ல. ஏனைய படங்களில் பேய் வீட்டில் குடியிருக்கிறது. இதில் வீட்டுக்காரரே அஞ்சத்தக்கவர். தீர்ப்பு: தலையாயவற்றுள் தலையாயது; ஞாயிற்றுக்கிழமை இரவில் பார்க்கத்தக்கதன்று, மறுநாள் அலுவலகம் இருப்பதால்.

முடிபு

மேற்கண்டவற்றைத் தொகுத்து நோக்கின், கடையாய காரணம் கொண்ட படம் பார்க்கும்போதே சிரிப்பையும், இடையாயது ஓரிரவு அச்சத்தையும், தலையாயது விளக்கைப் போட்டாலும் விலகாத கலக்கத்தையும் உண்டாக்குகின்றன என்பது புலனாகும். பேய்க்கு மந்திரவாதி உண்டு. மாதத் தவணைக்கு இல்லை. பேய் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், அதன் எதிரே நிற்பவரைப் போகவிடாமல் கட்டிவைத்திருக்கும் கயிறு பார்வையாளருக்கும் தெரிந்த கயிறாக இருந்தால்தான் அச்சம் திரையைக் கடந்து வரும் என்பதே இக்குறுந்தீர்ப்புகள் அனைத்தும் சேர்ந்து சொல்லும் ஒரே செய்தி.

இவ்வளவுகோலை ரசிகரின் மீதே வைத்துப் பார்க்க வேண்டும் என்று வாதிடுவோர் உளர். இவ்வளவு அஞ்சுபவர் படத்தை அணைத்துவிட்டு ஏன் உறங்கச் செல்லவில்லை என்பது பெரும்பாலும் அவர் வீட்டிலேயே எழும் வினா. திரையரங்கமாயின், நுழைவுச்சீட்டுக்கும் வாகனம் நிறுத்துவதற்கும் பாப்கார்னுக்கும் கொடுத்த பணம் அங்கேயே முடங்கிக் கிடக்கிறது என்னும் தலையாய விடை அவரிடம் உண்டு. வீடாயின், ரிமோட் கீழே விழுந்து கட்டிலுக்கு அடியில் உருண்டுவிட்டது, அங்குக் கைநீட்டி எடுக்கும் நிலையில் தாம் இல்லை என்னும் இடையாய விடையை அவர் அளிப்பார். ரிமோட் கையிலேயே இருந்தும், மறுநாள் வேலை இருந்தும், முதற்காட்சியிலேயே முடிவு தெரிந்தும் பார்த்துக்கொண்டிருக்கும் இரவுகளே மிகுதி. அவற்றுக்கு அவரிடம் இருப்பது கடையாய காரணமும் அன்று, காரணமின்மையே. நிலவறைக்குள் மெழுகுவர்த்தியோடு இறங்குபவர்களைப் பார்த்துத் தலையிலடித்துக்கொள்ளும் உரிமையை இதனால் அவர் இழந்துவிடவில்லை. அவ்வுரிமைக்காகத்தான் அடுத்த பாகத்துக்கும் முதல் நாளே முன்பதிவு செய்கிறார்.